முடிவு தெரிந்தபின் அழுத்து: வாக்கு இயந்திர முன்சோதனையில் கோளாறு கண்டால் என்ன செய்வது

சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலில் இன்றும் காகிதச் சீட்டில்தான் வாக்களிக்கிறோம். மின்னணு நுழைந்திருப்பது வாசலில், அடையாள அட்டையை ஸ்கேன் செய்து வாக்காளரைப் பதிவு செய்யும் மேசையில். ஆனால் சங்கத் தேர்தல், அடுக்குமாடி உரிமையாளர் கூட்டம் போன்ற இடங்களில் டேப்லெட்டில் வாக்குப் போடச் சொல்வதைப் பார்க்க முடிகிறது. பிழைப்புக்கு நான் மென்பொருள் சோதிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ் அமைப்பின் தேர்தல் குழுவில் எடுபிடி. அங்கே பட்ட பாட்டையும், பெரிய தேர்தல்களில் ஊரறியக் கெட்டுப்போனவற்றையும் சேர்த்து, எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே தேடுவது என்று எழுதிவைக்கிறேன்.

அறிகுறிக்குப் போகும் முன் ஒரு தயாரிப்பு. இதைச் செய்யாவிட்டால் கீழே உள்ள எதுவும் உதவாது.

எல்லாரும் செய்கிற சோதனை இதுதான்: ஐந்து வேட்பாளர்கள், ஆளுக்கு ஐந்து வாக்கு, கடைசியில் எல்லாருக்கும் ஐந்து வந்தால் கைதட்டல். அந்தச் சோதனை பாதிக் கோளாறைக் கண்ணில் காட்டாது. இருவரின் வாக்கு இடம் மாறிப்போயிருந்தாலும் ஐந்து ஐந்தாகத்தான் இருக்கும். அதனால் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போடுங்கள். மொத்தம் 31. யாரையும் தேர்வு செய்யாத வெற்று வாக்கு 3. ஆக 34. இந்த எண்களில் ஒரு வசதி உண்டு. எந்த இரண்டைக் கூட்டினாலும் வேறெந்தக் கூட்டலிலும் வராத விடை கிடைக்கும். ஒருவருக்கு 12 வந்து இன்னொருவருக்குப் பூஜ்யம் என்றால், நான்கும் எட்டும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கின்றன என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

விடையை முதலில் காகிதத்தில் எழுதி, வேட்பாளர்களின் முகவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகுதான் திரையில் கை வையுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அழுத்த, மூன்றாமவர் குறிக்க வேண்டும். அழுத்துபவர் சப்ளையரின் ஆளாக இருக்கக் கூடாது. அவர் விரல் அந்தத் திரைக்குப் பழகிய விரல்.

மொத்தம் சரி, ஆள் மாறியிருக்கிறது

எங்கள் ஒத்திகையில் வேட்பாளர்களுக்குப் பதில் பழங்களின் பெயரை ஏற்றியிருந்தோம். திரையில் தமிழ் அகரவரிசை: கொய்யா, டுரியான், பலா, மாம்பழம், ரம்புத்தான். அதே வரிசையில் 1, 2, 4, 8, 16 போட்டோம். முடிவுத் தாளில் டுரியானுக்கு 1, கொய்யாவுக்கு 2, மாம்பழத்துக்கு 4, பலாவுக்கு 8. ரம்புத்தான் மட்டும் 16 என்று ஒழுங்காக நின்றது. மொத்தம் 31, அதில் குறையில்லை. "டோட்டல் டேலி ஆகுதே தம்பி, போதாதா?" என்றார் செயலாளர்.

போதாது. முடிவுக் கோப்பு பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது. திரையும் கோப்பும் பேசிக்கொண்டது வரிசை எண்ணை வைத்துத்தான். டி-யில் தொடங்கும் டுரியான் அங்கே முதலாவது, கொய்யா இரண்டாவது. ரம்புத்தான் இரண்டு வரிசையிலும் கடைசி என்பதால் தப்பித்தது. கடைசிப் பெயரை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் தேர்தல் அன்றைக்கு நாற்காலிகள் பறந்திருக்கும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நார்த்தாம்ப்டன் கவுண்டியில், இரண்டு நீதிபதிகள் பதவியில் தொடரலாமா என்று ஆளுக்கொரு ஆம், இல்லை கேள்வி. ஒருவருக்கு ஆம், மற்றவருக்கு இல்லை என்று போட்டவர்களின் அச்சுச் சீட்டில் இரண்டும் இடம் மாறி வந்தன. இருவருக்கும் ஒரே பதிலைப் போட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சோதிப்பவர் 'ஆம், ஆம்' என்று நூறு முறை அழுத்தினாலும் இந்தப் பிழை வெளியே வராது.

செய்ய வேண்டியது: வேட்பாளரை வரிசை எண்ணால் அல்லாமல் தனி அடையாளக் குறியீட்டால் இணைக்கச் சொல்லுங்கள். பழங்களை எடுத்துவிட்டு உண்மையான பெயர்களை ஏற்றியதும் 34 வாக்கையும் முதலிலிருந்து போடுங்கள். பழத்துக்குக் கிடைத்த தேர்ச்சி மனிதருக்குச் செல்லாது.

அழுத்துவது ஒரு வரி, பளிச்சிடுவது பக்கத்து வரி

விரல் படும் இடமும் திரை உணரும் இடமும் ஒத்துப்போகச் செய்யும் தொடுதிரை அளவுத்திருத்தம் பிசகியிருக்கலாம். ஆனால் உடனே அதன்மேல் பழி போடாமல் எளியதிலிருந்து தொடங்குங்கள். திரைமேல் ஒட்டிய கண்ணாடித் தாளில் காற்றுக் குமிழ் இருக்கிறதா? டேப்லெட் மேசையில் படுத்திருக்கிறதா, சாய்ந்து நிற்கிறதா? சாய்ந்து நிற்கும் திரையை உயரமானவர் நின்றபடி பார்க்கும்போது பெயர் சற்று மேலே தெரியும், அவர் அழுத்துவதும் மேலேயே விழும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இதற்கு நேர் எதிர். இரண்டு உயரத்திலிருந்தும் அழுத்திப் பாருங்கள். திரையின் நான்கு மூலைகளையும் விடாதீர்கள், கோளாறு பெரும்பாலும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

எங்கள் அமைப்பில் எழுபது தாண்டிய அக்கா ஒருவர் பத்து முறை அழுத்தியும் திரை அசையவில்லை. விரல்நுனி காய்ந்துபோயிருந்தது. அவர் விரலை லேசாக ஈரத் துணியில் ஒற்றியதும் வேலை செய்தது. அதற்கு நேர்மாறாக, இன்னொருவர் சாப்பாட்டை முடித்துவிட்டு நேரே வந்து அழுத்தினார், நெய்ப்பசையில் ஒரு தொடுகை இரண்டாகப் பதிந்தது. முதல் தொடுகை பெயரைத் தேர்ந்தது, இரண்டாவது அதை நீக்கியது. அவர் கவனிக்காமல் 'உறுதிசெய்' அழுத்த, அது வெற்று வாக்காகப் போனது. சோதனையில் வெற்று வாக்கு எதிர்பார்த்த 3-ஐ விட அதிகமாக வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வாசலில் ஒரு பெட்டி டிஷ்யூ வைத்தால் பாதி தீரும். தேர்ந்த பெயர் பெரிய எழுத்தில் மறுபடி வந்து, வாக்காளர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வாக்கு பதிவாகும்படி இருந்தால் மீதியும் தீரும்.

மேலே சொன்ன அதே நார்த்தாம்ப்டன் கவுண்டியில் 2019-இல் தொடுதிரை அமைப்பிலும் பிழை இருந்தது. அங்கே பதிவான சுமார் 55,000 வாக்குச் சீட்டுகளில் ஒரு நீதிபதி வேட்பாளருக்கு வெறும் 164 வாக்கு என்று முதலில் காட்டியது. காகிதச் சீட்டுகளை எண்ணியபோது அவர் வென்றிருந்தார். காகிதம் மட்டும் இல்லையென்றால் அந்த 164-ஐ யாரிடம் போய் முறையிடுவது?

தொடங்கும்போதே பூஜ்யம் இல்லை

சோதனை வாக்கு உள்ளே தங்கிவிட்டது. இந்தியாவில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார்கள். குறைந்தது 50 வாக்கு. அது முடிந்ததும் இயந்திரத்தை மூடி, முடிவைக் காட்டி, பிறகு அழித்துப் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். யாருக்கு வாக்குப் போனது என்று அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்து, பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். மூடு, காட்டு, அழி என்ற அந்த வரிசையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டும் மாட்டினோம். சமூக மன்ற மண்டபத்தின் மூலையில் வைஃபை எட்டவில்லை. அங்கிருந்த டேப்லெட் மூன்று வாக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இணைப்புக்குக் காத்திருந்தது. நாங்கள் வாக்குகள் வந்து சேரும் மையக் கணினியான சர்வரில் அழித்தோம், பெரிய திரையில் பூஜ்யம் வந்தது, முகவர்கள் தலையாட்டினார்கள். கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 3. யாரோ டேப்லெட்டை வாசல் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். இணைப்பு கிடைத்ததும் அது தன் கடமையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

அதனால் முதலில் ஒவ்வொரு டேப்லெட்டிலும் காத்திருக்கும் வாக்கு எத்தனை என்று பாருங்கள், அடுத்து டேப்லெட்டை அழியுங்கள், சர்வர் கடைசி. பிறகு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். அதற்கப்புறமும் பூஜ்யமாகவே நின்றால்தான் அது பூஜ்யம்.

நடக்கவே முடியாத எண் வருகிறது

2003 மே 18, பெல்ஜியத் தேர்தல். ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு வாங்கவே முடியாத அளவுக்கு விருப்ப வாக்குகள் (கட்சிப் பட்டியலில் குறிப்பிட்ட ஆளைத் தேர்ந்து போடுபவை) வந்திருந்ததால் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக இருந்தது சரியாக 4096. கணினி ஆட்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறிதட்டும். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது அது. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகக் கவிழ்ந்திருந்தால் போதும். கவிழ்ந்ததற்கு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது, உறுதியாக நிறுவப்படவில்லை. கென்யாவில் 2013-இல் செல்லாத வாக்குகள் திரையில் மலைபோலக் குவிந்தன. நிரலில் இருந்த பிழை அவற்றை எட்டால் பெருக்கிக்கொண்டிருந்தது.

இதற்கு வைத்தியம் சுலபம். பதிவு மேசை எத்தனை பேரை உள்ளே விட்டது என்ற எண் ஒரு காகித நோட்டில் தனியாக இருக்கட்டும். மொத்த வாக்கு அதைத் தாண்டினால் முடிவுத் திரை காட்டாமல் நிற்க வேண்டும். சோதனையில் வேண்டுமென்றே ஒரு வாக்கைக் கூடுதலாக நுழைத்து, நிற்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது நிற்கவில்லை. 35 என்று பச்சை நிறத்தில் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

எண்ணிக்கை ஓரிடத்தில் உறைந்துவிடுகிறது

2004 நவம்பரில் வட கரோலினாவின் கார்ட்டரெட் கவுண்டியில் ஓர் இயந்திரம் 10,500 வாக்கு வரை தாங்கும் என்று நம்பினார்கள். அதில் அமைத்திருந்த வரம்பு 3,005. அதன் பிறகும் மக்கள் வந்து அழுத்திக்கொண்டே இருந்தார்கள். 4,438 வாக்குகள் எங்கும் பதியாமல் போயின, திரும்பக் கிடைக்கவே இல்லை.

உறுப்பினர் 600 பேர் என்றால் ஒரே டேப்லெட்டில் 700 போட்டுப் பாருங்கள். கையால் போட்டால் விரல் தேயும், இதற்கு மட்டும் சப்ளையரிடம் தானியங்கி நிரல் கேட்கலாம். நிரம்பியதும் இயந்திரம் வாக்காளரை மறுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 'நன்றி' என்று சொல்லிச் சிரித்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் இருக்கிற பெயர் தேடினால் கிடைக்கவில்லை

இது நம் மொழிக்கே உரிய தலைவலி, எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் பிறகு சேர்ந்த வடமொழி ஶகரத்தில் தொடங்குவது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஒரு கீபோர்டு, தேர்தல் அன்று தேடுபவர் இன்னொரு கீபோர்டு. எதிரே நிற்கிற ஸ்ரீதரனைப் பார்த்து 'உங்கள் பெயர் இல்லை' என்று சொல்ல வேண்டியதுதான். கௌரிக்கும் இதே கதி. ஔகாரக் குறி போட்டு எழுதுவது சரி. ஆனால் பலர் எகரக் கொம்பு போட்டு, ககரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்துவிடுவார்கள். கண்ணுக்குக் கௌரி, கணினிக்கு வேறு யாரோ.

கொ, கோ போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமித்த பழைய கோப்புகள் உண்டு. அவற்றை யூனிகோட் நெறிப்படுத்தல் என்ற பொதுவான முறை சரிசெய்துவிடும். ஸ்ரீயையும் கௌரியையும் அது தொடாது, யூனிகோட் பார்வையில் அவை வேறு வேறு எழுத்துகள். அவற்றுக்குத் தனியாக மாற்று விதி எழுதத்தான் வேண்டும். பட்டியலில் ஸ்ரீ, ஔ வருகிற எல்லாப் பெயரையும் பொறுக்கி எடுத்து, இரண்டு வேறு போனில் தட்டித் தேடிப் பாருங்கள்.

அடையாள அட்டையில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று வரும் சாய்கோட்டையும் மறக்க வேண்டாம். எங்கள் மென்பொருள் சாய்கோட்டைக் கண்டதும் பெயரை அங்கேயே வெட்டியது. முன்பாதி ஒன்றாக இருந்த இரண்டு பேர் ஒரே ஆளானார்கள். ஒருவர் வாக்களித்ததும் மற்றவர் 'ஏற்கெனவே வாக்களித்தவர்'. பெயரால் தேடுவதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உறுப்பினர் எண்ணே முதன்மையாக இருக்கட்டும்.

சீட்டு அச்சாகாமல் இயந்திரம் அடம்பிடிக்கிறது

மேலே விளக்கைப் பாருங்கள். 2018 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கைரானா, மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோந்தியா இடைத்தேர்தல்களில் ஒப்புகைச் சீட்டு இயந்திரங்கள் ஏராளமாகப் பழுதாயின. அதிக வெளிச்சம் நேராக விழுந்ததில் உள்ளே இருந்த சென்சார் குழம்பியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் மண்டபத்தில் மேடை விளக்குக்கு நேர் கீழே பிரிண்டர். விளக்கை அணைத்ததும் அச்சடித்தது. காகிதச் சுருளை முந்தைய நாளே பிரித்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அது நமுத்துச் சுருண்டு சிக்கும்.

எல்லாம் ஓடுகிறது, வரிசை மட்டும் நகரவில்லை

சிங்கப்பூரின் 2020 ஜூலை 10 பொதுத் தேர்தல் நினைவிருக்கும். மின்னணுப் பதிவு வந்த முதல் பொதுத் தேர்தல், கோவிட் காலம் வேறு. கையுறை மாட்டச் சொன்னதும் சேர்ந்து காலையில் பல இடங்களில் வரிசை நீண்டது. கையுறையைக் கைவிட்டார்கள். இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய வாக்களிப்பு 10 மணி வரை நீட்டிக்கப்பட்டது. இது எண்ணிக்கைக் கோளாறு இல்லை. ஆளுக்குச் சில நொடி கூடினாலே வரிசை புளோக்கைச் சுற்றிவிடும்.

கணக்குப் போடுங்கள். பதிவுக்கு ஆளுக்கு 45 நொடி, வாக்களிப்பு மூன்று மணி நேரம். ஒரு மேசை 240 பேரைத்தான் அனுப்பும். 600 பேருக்கு மூன்று மேசை போதும் என்று காகிதம் சொல்லும். ஆனால் நம் ஆட்கள் சாப்பாடு முடிந்ததும் ஒரே கூட்டமாக வருவார்கள். நாங்கள் ஐந்து போட்டோம். ஒத்திகையில் பழகிய தொண்டர்களை வைத்து நேரம் பார்க்காதீர்கள், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவரை வைத்துப் பாருங்கள்.

இயந்திரத்தின் பதிவேட்டில் அதிகாலை 2 மணிக்கு வாக்கு

பேயில்லை. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 10 மணிக்குப் போட்டது அங்கே 2 மணி. ஆனால் தோற்றவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்து, முன்பே மாற்றிவிடுங்கள்.

ஒரு முறை வந்தது, மறுபடி வரவில்லை

எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். எல்லாரும் 'அதான் சரியாயிடுச்சே' என்பார்கள், சப்ளையர் அணைத்துப் போடச் சொல்வார். அணைத்துப் போட்டால் தடயம் போய்விடும். திரையைப் போட்டோ எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், அழுத்தியவர் யார், அதற்கு முன் என்ன அழுத்தினார் என்று எழுதுங்கள். பதிவேட்டை வெளியே நகலெடுங்கள். அந்த டேப்லெட்டை உறையில் போட்டு ஒட்டி ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ளதை எடுங்கள். கையிருப்பில் ஒன்றுகூட இல்லை என்றால் காகிதச் சீட்டும் ஒரு பெட்டியும் மேசைக்கடியில் தயாராக இருக்க வேண்டும். எங்கள் பெட்டி பழைய பிஸ்கெட் டின், பூட்டு தேக்காவில் வாங்கியது.

எல்லாம் தேறி, முகவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு சப்ளையரிடமிருந்து வாட்ஸ்அப்: "சின்ன அப்டேட்தான் சார், எழுத்தின் நிறம் மட்டும்." செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, போட வேணாம்னு சொல்லிடுங்க. போட்டே ஆகணும்னா முகவர்களை மறுபடி கூப்பிடணும்" என்றேன். அவர் கூப்பிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள் முன்னால் 34 வாக்கையும் திரும்பப் போட்டோம். நிறம் மாறியிருந்தது. வரிசையும் மறுபடி ஆங்கில எழுத்துப்படி மாறியிருந்தது.